பல்பொடி டப்பாவின் பத்தொன்பதாம் பூதம்

கொலு பார்க்கப் போகிறவர்கள் முதலில் மேல்படியைத்தான் பார்ப்பார்கள். கலசம், அம்மன் அலங்காரம், இந்த வருஷத்துப் புது பொம்மை எது என்று கண் மேலிருந்து பைய இறங்கும். சங்கரி கதையே வேறு. வாசல் தாண்டியதும் அவள் தரையைப் பார்ப்பாள். படிகளுக்குக் கீழே ஆற்று மணலைப் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு காடோ தோட்டமோ போட்டிருப்பார்கள் இல்லையா, அங்கேதான் அவளுக்கு வேலை. யானைக்கும் சிங்கத்துக்கும் நடுவில் கட்டைவிரல் உயரத்தில் கோரைப்பல்லோடு ஏதாவது நிற்கிறதா என்று தேடுவாள். நின்றால் போச்சு. கையில் கொடுத்த சுண்டல் ஆறிப்போகும், பக்கத்தில் இருப்பவள் கேட்ட கேள்விக்குப் பதில் வராது.

"ஏளா, சங்கரிக்குப் பூதம் ஆப்பிட்டுட்டு போலுக்கு" என்று மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. சிரித்தவர்கள் வீட்டுக் கொலுப் பெட்டியிலிருந்தும் ஒன்றை அவள் வாங்கிவந்திருப்பாள்.

சங்கரி அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீசில் தட்டச்சர். வீடு ஆற்றுக்கு இந்தக் கரையில், கல்லிடைக்குறிச்சியில். காலையில் பாலத்தைத் தாண்டிப் போய், பட்டா மாறுதல், வாரிசுச் சான்று என்று நாளெல்லாம் தட்டிவிட்டு, சாயங்காலம் அதே பாலத்தைத் தாண்டி வருகிறவள். பிழை இல்லாத தாள் என்றால் அது சங்கரி அடித்ததாகத்தான் இருக்கும் என்பது ஆபீசில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். கணவர் சிவசண்முகம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கேலிப் பேர்வழி, ஆனால் தங்கமான மனுஷர்.

இந்தப் பூதங்களின் பூர்வோத்தரத்தையும் சொல்லிவிடுகிறேன். எழுபத்திரண்டாம் வருஷம் திருநெல்வேலியில் நவமுத்து பல்பொடி என்று ஒரு கம்பெனி இருந்தது. வியாபாரம் படுத்துக் கிடந்த நேரத்தில் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. வெளிநாட்டுக்காரன் எவனோ கழித்துப் போட்ட பொம்மை அச்சு ஒன்று தூத்துக்குடியில் அவருக்குக் கிடைத்தது. அதில் பிளாஸ்டிக்கை வார்த்து, டப்பாவுக்கு ஒன்று என்று பொடிக்குள் புதைத்துவிட்டார். ஒற்றைக்கண்ணன், உடம்பெல்லாம் துணி சுற்றிய பிணம், மயிர் மண்டிய பனிமனிதன், இரட்டைத் தலையன் என்று மொத்தம் இருபத்துநாலு பேர். ஒவ்வொருவன் உள்ளங்காலிலும் எண் பொறித்திருக்கும். பிள்ளைகள் பல் தேய்த்தார்களோ இல்லையோ, பொடியைக் கொட்டிவிட்டுப் பூதத்தை எடுத்துக்கொண்டார்கள். தாய்மார்களுக்குத்தான் பிடிக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலா, பூதத்தால் வந்தது. தூக்கத்தில் பிதற்றுகிறானா, பூதத்தால் வந்தது. வெந்நீர் அடுப்பில் போட்டவர்கள் உண்டு, ஓட்டை வாளியோடு சேர்த்துப் பேரீச்சம்பழக்காரனிடம் தள்ளிவிட்டவர்கள் உண்டு. ஒன்றரை வருஷத்தில் கம்பெனியும் பூதத்தை நிறுத்திவிட்டது. மிச்சமிருந்ததையெல்லாம் உருக்கிச் சோப்பு டப்பாவாக்கிவிட்டார்கள் என்று பேச்சு.

எண்பத்துமூன்றில் கல்யாணமாகி வந்த வருஷம், புகுந்த வீட்டுக் கொலுப் பெட்டியில் சங்கரி ஒற்றைக்கண்ணனைப் பார்த்தாள். உள்ளங்காலில் ஏழு என்று இருந்தது.

"இது ஏழுன்னா மத்ததெல்லாம் எங்க?" என்று கேட்டாள்.

"எங்கிட்டயே ஒம்போதோ பத்தோ கெடந்துச்சு. யாருக்குத் தெரியும்?" என்றார் சிவசண்முகம்.

அந்த 'யாருக்குத் தெரியும்' அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கோப்பில் ஏழாம் பக்கம் மட்டும் இருந்து மற்றதெல்லாம் காணாமல் போயிருந்தால் ஆபீசில் சும்மா விடுவார்களா? தேடத் தொடங்கினாள். தேடத் தேடத்தான் ஒன்று தெரிந்தது. ஊரில் ஒரு பூதம் தப்பியிருக்கிறது என்றால், அது கொலுப் பெட்டியில்தான் தப்பியிருக்கும். அலமாரியில் கிடந்தால் எறிவார்கள், முற்றத்தில் கிடந்தால் எறிவார்கள். ஒருமுறை கொலுவில் வைத்துவிட்டால், அது பிய்ந்த கிளியானாலும் சரி, வாலில்லாக் குரங்கானாலும் சரி, வெளியே எறிய எந்தப் பெண்ணுக்கும் கை வராது. வேட்டியில் சுற்றி, பெட்டியில் போட்டு, பரணில் ஏற்றிவிடுவார்கள். ஆக, வருஷத்தில் முந்நூற்றைம்பத்துச் சொச்சம் நாளும் பூதங்கள் ஊர்ப் பரண்களில் தூங்கும். ஒன்பது நாள் மட்டும் வெளியே வரும். அந்த ஒன்பது நாளும் எந்த வீட்டுக்குள்ளும் ஒரு பெண் கூச்சமில்லாமல் நுழையலாம். வேறு என்ன வேண்டும்?

விலைக்குக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். கொலுப் பொருளை விற்பது பாவம் என்பார்கள். ஆனால் வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது கொலுவில் ஏற வேண்டும் என்பதும் இங்கே கட்டாயம். அதைத்தான் பிடித்துக்கொண்டாள். அழகான மண் பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு போய், "அக்கா, வார வருஷத்துக்கு இது ஒங்க புது பொம்மையா இருக்கட்டும், அந்தக் கோரப்பல்லனை எனக்குத் தாங்க" என்பாள். ஒன்பது நாளும் எதையும் கையால் தொடமாட்டாள். விஜயதசமி ராத்திரி பொம்மைகளைப் படுக்கப்போட்டு, மறுநாள் பெட்டி கட்டும்போது போய் நிற்பாள். சும்மா நிற்பதில்லை. கூடவே உட்கார்ந்து பாதிப் பொம்மைகளை அவளே துணி சுற்றிக் கொடுத்துவிட்டு வருவாள். முக்கூடல் வரைக்கும் பஸ் ஏறிப் போய் இப்படிப் பெட்டி கட்டிக் கொடுத்திருக்கிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் கண்ணை ஏமாற்ற முடியாது. அம்பாசமுத்திரத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்த ஐயம்பெருமாள் ஒருமுறை, "பத்தொம்பதாம் நம்பர் கிடைச்சிருக்கு தாயி" என்று காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்தார். பிரித்தவள் உள்ளங்காலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, இது பதினாறு. எங்கிட்ட ரெண்டு நிக்கி. அரத்தை வெச்சு நம்பரை ராவியிருக்கிய."

"எப்படித் தாயி பாக்காமலே சொல்லுதிய?"

"உங்க வீட்டுப் பிள்ளையை நீங்க காலைத் திருப்பிப் பாத்துத்தானா கண்டுபிடிப்பிய?"

ஐயம்பெருமாள் அசடு வழியச் சிரித்துக்கொண்டே போனார். அப்புறம் ஒருநாளும் அவர் அவளிடம் வாலாட்டவில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷ நவராத்திரிக்குள் இருபத்துமூன்று சேர்ந்துவிட்டது. அவள் வீட்டுக் கொலுவில் அதற்கென்றே ஒரு படி. பிள்ளைகள் அந்தப் படிக்கு முன்னால்தான் மொய்ப்பார்கள். இல்லாதது பத்தொன்பது மட்டும். அது எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. டப்பாவுக்குள் வந்த படத் தாள் ஒன்று அவளிடம் இருந்தது, ஆனால் பத்தொன்பதாம் கட்டத்தைப் பூச்சி அரித்து, கால் மட்டும் மிஞ்சியிருந்தது.

அந்த வருஷம் பெரிய தெருவில் வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த வீடு ஒன்று திறந்தது. நாக்பூரில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பட்டாபியும் அவர் மனைவி ஜயலக்ஷ்மியும் ஊரோடு வந்துவிட்டார்கள். கொலுவும் வைத்தார்கள். மூன்றாம் நாள் சங்கரி போனாள். வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள். ஒரு தகர ரயிலும் நாலு கிளியும்தான் இருந்தன. சரி, சுண்டலையாவது வாங்குவோம் என்று நிமிர்ந்தவள் பார்த்துவிட்டாள்.

மூன்றாம் படியில் ஒரு சாண் உயரத்துக்கு மகிஷாசுரமர்த்தினி நின்றாள். பழைய மண் பொம்மை. அவள் காலுக்குக் கீழே, சூலத்தின் முனையை மார்பில் வாங்கிக்கொண்டு, கத்திரிப்பூ நிறத்தில் மூன்று கொம்பும் வௌவால் காதுமாக ஒருவன் நின்றான். நெற்றியில் குங்குமம் வேறு.

"அவனைப் பார்த்து எல்லாரும் சிரிக்கறா" என்றாள் ஜயலக்ஷ்மி. "மண் அசுரன் ரயில்ல போறச்சே நொறுங்கிட்டான். காலுக்குக் கீழ யாருமில்லாம அம்பாள் ஆடிண்டே இருந்தா. எங்க ஹம்ஸினிக்கு அப்போ அஞ்சு வயசு. ஊர்லேர்ந்து கொண்டுபோன பல்பொடி டப்பாலேர்ந்து இவனை எடுத்துண்டு வந்து, இவன் தாங்கிப்பாம்மான்னு வெச்சா. இருபத்திமூணு வருஷமா இவன்தான் தாங்கிண்டிருக்கான்."

"மாமி, அவன் உள்ளங்காலை ஒரே ஒரு தடவை பாத்துக்கிடட்டுமா?"

ஜயலக்ஷ்மியின் முகம் சற்றுச் சுருங்கியது. "கொலு முடியட்டுமே. அம்பாள் காலடியில இருக்கறவனை நடுவுல தொடப்படாது. ஹம்ஸினிக்கு வேற இது மாசம். புனேல இருக்கா. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. விஜயதசமி கழிச்சு வாங்கோ, சாவகாசமா பார்க்கலாம்."

நியாயமான பேச்சு. சங்கரியின் சொந்தச் சட்டமும் அதுதானே. ஏழே நாள் பொறுத்தால் போதும். பதின்மூன்று வருஷம் பொறுத்தவளுக்கு ஏழு நாள் ஒரு பெரிய காரியமா? ஆனால் பாருங்கள், அந்த ஏழு நாள்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நேரே பெரிய தெருவுக்குப் போனாள். நாலாம் நாளும் போனாள், ஐந்தாம் நாளும் போனாள். "வாரவங்களுக்கு மாமி சுண்டல் போட்டே ஓஞ்சிருவாவ" என்று சிவசண்முகம் கேலி செய்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எட்டாம் நாள் கூட்டமில்லை. வெற்றிலை பாக்கு எடுத்துவர ஜயலக்ஷ்மி உள்ளே போனாள். கூடத்தில் சங்கரி மட்டும். இத்தனை வருஷத்தில் எத்தனை வீட்டில் எத்தனை கூடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பாள், ஒருநாளும் நீளாத கை அன்றைக்கு நீண்டது. அடியைப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடலாம், அரை நிமிஷம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள். பூதத்தை விரலால் பிடித்துப் பைய இழுத்தாள்.

அவன் அம்மனைத் தாங்கிக்கொண்டிருக்கிறான் என்று மாமி சொன்னதைப் பாவி மகள் அலங்காரப் பேச்சு என்று நினைத்துவிட்டாள். உண்மையில் அந்த அம்மனின் பாரம் முழுக்க அவன் மேல்தான் இருந்தது. அம்மன் முன்னால் சாய்ந்தாள். இரண்டாம் படியில் தட்டி, முதல் படியில் தட்டி, தரையில் விழுந்து மூன்று துண்டானாள். தலை உருண்டு தகர ரயிலுக்குப் பக்கத்தில் நின்றது.

ஜயலக்ஷ்மி தட்டோடு வந்து நின்றாள். பார்த்தாள். கத்தவில்லை, ஏசவில்லை. கண் மட்டும் சுவரில் மாட்டியிருந்த மகள் படத்துக்கு ஒருமுறை போய்வந்தது. நவராத்திரியில் வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அந்த நிலைமையிலும் தாம்பூலத்தை எடுத்து நீட்டினாள். சங்கரி வலது கையால் வாங்கிக்கொண்டாள்.

"நீங்க போங்கோ" என்றாள் ஜயலக்ஷ்மி.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் சங்கரிக்குத் தன் இடது கை இன்னும் மூடியே இருப்பது தெரிந்தது. விரித்தாள். உள்ளங்கையில் மூன்று கொம்பும் அழுந்திச் சிவந்திருந்தது. திருப்பினாள். பத்தொன்பது. இருபத்துநாலும் நிறைந்துவிட்டது. அவள் தரையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சிவசண்முகம் எல்லாவற்றையும் கேட்டார். கேலி பண்ண அவருக்கு வாய் வரவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு நல்லபடியாப் பிரசவம் ஆவணும்ட்டி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. காலையில் முதல் பஸ்ஸில் சங்கரி காருகுறிச்சிக்குப் போனாள். பைக்குள் கைக்குட்டையில் பொதிந்து பத்தொன்பது இருந்தது. பொம்மை செய்கிற முத்துமாலை வேளார் சக்கரத்துக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு அப்போதுதான் எழுந்தார்.

"ஒம்போதாம் நாள் வந்து அம்மன் கேக்கிய. எல்லாம் வித்துப் போச்சே தாயி" என்றார். பிறகு யோசித்து, உள்ளேயிருந்து ஒன்றைத் தூக்கிவந்தார். அழகான முகம், ஒரு சாண் உயரம், கையில் சூலம். காலுக்குக் கீழே மட்டும் வெறுமையாக இருந்தது. "இவளோட அசுரன் சூளையிலயே வெடிச்சிட்டான். ஆளில்லாத அம்மனை யாரு வாங்குவா? அப்படியே கெடக்கா."

சங்கரி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேணும்னா சொல்லுங்க. இன்னைக்குச் சக்கரத்தைத்தான் தொடக் கூடாது. கையால பிடிக்கதுக்கு என்ன? ஒரு மணி நேரத்துல ஒரு அசுரனைப் பிடிச்சுத் தாரேன். வெயில்ல காஞ்சா போதும், நல்லா நிப்பான்."

என்ன சோதனை பார்த்தீர்களா? மண் அசுரன் ஒருவன் கிடைத்துவிட்டால் மாமி வீட்டுக் கொலு நிறைந்துவிடும். பத்தொன்பது எங்கே என்று கேட்டால், உடைந்த சில்லோடு சில்லாகப் போயிருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். பார்த்தவர் யாருமில்லை. அவள் வீட்டுப் படியில் இருபத்துநாலும் வரிசையாக நிற்கும். சங்கரி சரி என்று தலையை ஆட்டினாள். வேளார் களிமண்ணை எடுத்துப் பிசைய ஆரம்பித்தார். முதலில் கால் வந்தது, பிறகு வயிறு வந்தது. கொம்பு வைக்க ஒரு துளி மண்ணைக் கிள்ளினார்.

"அண்ணாச்சி, போதும், விட்டுருங்க" என்றாள் சங்கரி.

"ஏன் தாயி, சரியா வரலையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா, இவளுக்கு ஆளு எங்கிட்ட இருக்கான்."

அம்மனை வைக்கோலில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பெரிய தெரு வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. மூன்றாம் படியில் அந்த இடம் காலியாக இருந்தது. சங்கரி உட்காரவில்லை. வைக்கோலைப் பிரித்து அம்மனைக் கீழே வைத்தாள், கைக்குட்டையைப் பிரித்துப் பத்தொன்பதைப் பக்கத்தில் வைத்தாள்.

"மாமி, நேத்து தானா விழல. நான்தான் இவனை இழுத்தேன். அம்மனை உடைச்சதும் நான்தான். இவனைக் கையில வெச்சிக்கிட்டே போயிட்டேன். திருடணும்னு இல்ல மாமி, ஆனா திருடுனதுதான். இன்னைக்குக் காலைலகூட திருப்பிக் கொடுக்க மனசு வரல."

ஜயலக்ஷ்மி குனிந்து அசுரனைப் பார்த்தாள்.

"தாம்பூலத்தை யாராவது ஒத்தைக் கையால வாங்குவாளோ?" என்றாள். "நீங்க வாங்கினேளே. அப்பவே தெரியும், இன்னொரு கையில அவன் இருக்கான்னு."

சங்கரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்து ராத்திரி ஹம்ஸினி போன் பண்ணினா. வருஷா வருஷம் கேக்கற மாதிரி, அம்மா என் அசுரன் சௌக்கியமான்னு கேட்டா. இந்த நேரத்துல அவகிட்ட என்னத்தைச் சொல்றது? சௌக்கியமா இருக்கான்னு சொல்லிட்டேன். சொல்லிட்டேனே தவிர, பொய்யாப் போயிடுமோன்னு ராத்திரி பூரா தூக்கமில்லை. நீங்க கொண்டு வந்துட்டேள்."

சங்கரி அப்படியே மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜயலக்ஷ்மிக்கும் கண் நிறைந்துவிட்டது.

"போறும், கண்ணைத் தொடைச்சுக்கோங்கோ. புது அம்பாளுக்கு இவன் பொருந்துவானா, எனக்குத் தெரியாது. நீங்களே வையுங்கோ."

தொட்டு உடைத்தவளையே தொடச் சொன்னாள். சங்கரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அம்மனை மூன்றாம் படியில் நிறுத்தி, காலுக்கும் படிக்கும் இருந்த இடைவெளியைக் கண்ணால் அளந்தாள். அவன் உயரம் நகக்கண் அளவு குறைந்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அவன் உள்ளங்காலில், அந்தப் பத்தொன்பது என்ற எண்ணின் மேலேயே, அப்பினாள். பைய உள்ளே நகர்த்தினாள். சூல முனை மார்பில் போய்ச் சரியாக உட்கார்ந்தது.

"கொலு முடிஞ்சதும் இவனை நீங்களே எடுத்துண்டு போங்கோ" என்றாள் ஜயலக்ஷ்மி. "இத்தனை வருஷம் தேடியிருக்கேளாமே. ஹம்ஸினிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

கேட்காமலே வந்த வார்த்தை. வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டிருப்பார்கள்.

"வேண்டாம் மாமி" என்றாள் சங்கரி. "எங்க வீட்டுக்கு வந்தா இவன் இருபத்திநாலுல ஒருத்தன். இங்கன இவன் ஒருத்தன்தான்."

அதிலிருந்து ஆறாம் நாள் புனேயில் ஹம்ஸினிக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. சங்கரியிடம் இன்றைக்கும் இருபத்துமூன்றுதான். நவராத்திரி முதல் நாள் காலையில் பெரிய தெருவிலிருந்து அவளைக் கூப்பிட ஆள் வந்துவிடும். வேறு யார் வைத்தாலும் அம்பாள் ஆடுகிறாள் என்கிறாள் ஜயலக்ஷ்மி.